உடைக்காமல் அறிதல்

நாமக்கல் பக்கத்தில் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். இருட்டறையில் ஒரு விளக்கு. அதன் முன்னே முட்டையைப் பிடித்துப் பார்க்கிறார்கள். ஓடு உடையவில்லை, உள்ளே உயிர் இருக்கிறதா என்பது தெரிந்துவிடுகிறது. உடைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், உண்மைதான். ஆனால் உடைத்த பிறகு தெரிந்து என்ன பயன்?

இந்தக் காட்சி என் நினைவுக்கு வந்த இடம் பண்ணையல்ல; சேலத்தில் ஒரு மருத்துவமனையின் அறுவை அறை வாசல்.

உள்ளே கிடந்தவன் என் இளமைத் தோழன், லாரி டிரைவர். சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல் அவன் இருதய வால்வைக் கெடுத்திருந்தது. இருதயத்தை நிறுத்திவிட்டு, அதன் வேலையை யந்திரத்திடம் ஒப்படைத்து, வால்வை மாற்ற வேண்டும். 1953இல் அமெரிக்காவில் டாக்டர் கிப்பன் அந்த யந்திரத்தைக் கொண்டு முதன்முதலாக வெற்றி கண்டார். 1960களின் தொடக்கத்திலேயே நம் வேலூரிலும் திறந்த இருதய அறுவை நடந்தது. இன்று அது அதிசயமில்லை. ஆனால் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்றைக்கும் அது அதிசயந்தான்.

அவன் மனைவி என்னிடம் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, நெஞ்சைத்தானே திறக்கறாங்க? தலைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே? எந்திரிச்சா என்னைய அடையாளம் தெரியுமுங்களா?"

படித்தவன் என்று பெயரெடுத்த எனக்குப் பதில் தெரியவில்லை. முதல் நாள் மயக்க மருந்து டாக்டரிடம் இதையேதான் கேட்டிருந்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். மண்டையோடு விரிந்து கொடுக்காது. தலையிலிருந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளும் குழாய் சற்றே இடம் பிசகினாலும் இரத்தம் தேங்கி மூளையில் அழுத்தம் ஏறும். மயங்கிக் கிடப்பவனோ "தலை வலிக்கிறது" என்று சொல்ல முடியாது.

அழுத்தத்தை நேராக அளக்க வழி உண்டு. மண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்துவது. ஸ்வீடன் நாட்டு லுண்ட்பெர்க் 1960இல் அந்த முறையை விரிவாக எழுதி வைத்தார். ஆனால் யந்திரத்தில் இரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் கொடுத்திருப்பார்கள். அந்த நிலையில் துளையிட்டால் உள்ளே கசியும் இரத்தம் நிற்காது. காக்க வந்த துளையே காலனாகிவிடும்.

ஆகவே வேறு வழிகளைத் தேடினார்கள். பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறை, மூளையைப் போர்த்திய சவ்வின் தொடர்ச்சி. மூளையில் அழுத்தம் ஏறினால் அது புடைக்கும். மூடிய இமைமேல் ஒலியலைக் கருவியை வைத்து அதன் அகலத்தை அளக்கிறார்கள். ஏறக்குறைய 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. நெற்றிப்பொட்டின் வழியே ஒலியலை அனுப்பி மூளைக்குள் இரத்தம் ஓடும் வேகத்தை அறியும் முறையை 1982இல் நார்வேக்காரர் ஆஸ்லிட் காட்டினார். நெற்றியில் ஒட்டிய பட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளியைச் செலுத்தி, மூளையில் பிராணவாயு குறைகிறதா என்று பார்க்கவும் செய்கிறார்கள். நம் முட்டை விளக்கேதான்!

"ஆனால் இவை துல்லியமான எண்ணைச் சொல்லாது. ஜாடைதான் காட்டும். அதனால் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்" என்றார் டாக்டர்.

அந்தச் சொல் என்னைத் தைத்தது. ஏன் தெரியுமா?

பல ஆண்டுகளுக்கு முன் என் தோழன் ஓட்டிய லாரி கவிழ்ந்து, கூட இருந்த அவன் தம்பி இறந்துபோனான். அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசுவதில்லை. எனக்கோ ஒரு கதை தேவைப்பட்டது. ஓர் இரவு முழுவதும் துருவித் துருவிக் கேட்டேன். விடியும் முன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கதை வெளிவந்தது, பாராட்டும் வந்தது. அவன் மட்டும் இரண்டு வருஷம் என் வீட்டுப் படி ஏறவில்லை.

உண்மையை அறிவது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். தலையில் அடிபட்டு வருகிறவனுக்கு டாக்டர்கள் மண்டையைத் துளைக்கவே செய்கிறார்கள், அது தவறா? தவறில்லை. அது அவனுக்காக இட்ட துளை. நான் இட்டது எனக்காக. வேற்றுமை ஆழத்தில் இல்லை. யாருக்காக என்பதில் இருக்கிறது.

வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். ஆளுகிறவனுக்கும் காதலிக்கிறவனுக்கும் அது வேண்டும் என்று அவர் கண்டிருக்கிறார். எழுதுகிறவனுக்கு அது எவ்வளவு வேண்டும் என்பதை நான் பிந்தித்தான் கற்றேன். முழுதும் தெரியாமல் இருக்கச் சம்மதிப்பதும், அதற்கு ஈடாக அருகிலேயே இருப்பதும் ஒருவகை மரியாதை.

மறுநாள் அவன் கண் விழித்தான். மனைவியைப் பார்த்து விரலை அசைத்தான். அவள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

எனக்கும் அவனிடம் ஒரு கேள்வி உண்டு. "என்னை மன்னித்துவிட்டாயா?" இன்றுவரை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறான், திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் பேசுகிறான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.