ஓலை கொடுத்து நிற்பான்

பொருட்பாலில் 69ஆம் அதிகாரமாக அமையும் 'தூது' என்னும் பகுதிக்கு உரை கண்ட பரிமேலழகர், தூதரைத் தாமே வகுத்துக் கூறுவோர் எனவும், பிறர் கூறியதைக் கூறுவோர் எனவும் இருவகைப்படுத்துவர். ஓலையைக் கொடுத்து வாளா நிற்போரையும் கூட்டி மூவகையாகக் கொள்ளும் வடநூலார் மரபையும் அவர் சுட்டுவர். அரசவையை நோக்கி எழுந்த பாகுபாடு இது. எனினும் அதனடியில் என்றுமுள்ள ஓர் அறவினா கிடக்கின்றது. ஒருவனுடைய சொல்லை மற்றொருவனிடம் கொண்டு செல்பவன், அச்சொல்லுக்கு எவ்வளவு பொறுப்புடையவன்? வகுத்துக் கூறுவோன் தன் மதியாற் சொல்லை மாற்றுகின்றான். ஆகவே விளைவும் அவனைச் சாரும். ஓலை கொடுத்து நிற்பானை எவரும் நோவதில்லை. பொறுப்பினின்று நீங்க விரும்புவோர் யாவரும் தம்மை இம்மூன்றாம் வகையினராகக் காட்டிக்கொள்ள முற்படுவது இதனாலேயே.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே, கடலுக்கும் உப்பாற்றுக் களப்புக்கும் அண்மையாகக் கிடக்கும் வாகரையில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2004ஆம் ஆண்டின் கடற்கோளும், 2006இலும் 2007இலும் நிகழ்ந்த போரும் இடப்பெயர்வும் அம்மக்களைத் தொடர்ந்து வருத்தின. வீட்டோடு உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் இழந்தவன், தான் யார், தன் காணி எது என்பதைச் சொல்லாலேயே நிறுவ வேண்டியவனாகின்றான். அச்சொல்லையும் பெரும்பாலும் பிறரே எழுதுவர். கச்சேரி வாசலிற் பெட்டிசம் எழுதுபவர் கேட்பது ஒன்று, எழுதுவது இன்னொன்று. 'அங்கே இருந்தோம்' என்பதற்கும் 'அங்கே குடியிருந்தோம்' என்பதற்கும் இடையே ஒரு காணியே தொலைந்துவிடக் கூடும்.

சட்டம் இவ்விடரை அறியாததன்று. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம், உறுதி முடிக்கும் நொத்தாரிசு, அதனை வாசிக்க இயலாத கைச்சாத்திடுவோருக்கு வாசித்து விளக்க வேண்டுமென விதிக்கின்றது. எழுத்தறியாதவனுடைய சொல் தன் கையை விட்டுப் போகுமுன், அஃது எவ்வுருவிற் போகின்றது என்பதை அவன் செவியேனும் அறிதல் வேண்டும் என்பதே இதன் உட்கிடை.

இன்று புதியதொரு தூதன் தோன்றியுள்ளான். 2022 நவம்பரிற் சட்ஜிபிரி வெளிவந்தது. 2023 மார்ச் முதல் அதன் மாதிரியையும், பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாதிரியையும் 'ஏ.பி.ஐ.' எனப்படும் நிரல் இடைமுகத்தின் வழியாக எவரும் தம் செயலியோடு இணைத்துக்கொள்ள முடிந்தது. இந்த இடைமுகத்தை இரு கணினிகள் தம்முள் பேசிக்கொள்வதற்கான ஒழுங்கு எனலாம். வாகரையிலுள்ள மீனவர் ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு செயலியைத் திறந்து, தம் வள்ளத்துக்குரிய நட்டஈடு பற்றி வாயாற் கேட்கின்றார் எனக் கொள்ளலாம். அவர் உரையாடும் பொறியுடன் நேரே பேசுவதாக எண்ணுகின்றார். உண்மையில் அவர் பேசுவது இடையிலுள்ள செயலியுடன். அது குரலை எழுத்தாக்குவித்து, அவ்வெழுத்தைப் பொதிந்து, கடல் கடந்த கணினிக்கு அனுப்பி, வரும் விடையை அவரிடம் சேர்க்கின்றது.

இச்செயலியை ஆக்கியோர் தம்மை ஓலை கொடுத்து நிற்பவராகவே கூறிக்கொள்வர். அக்கூற்று ஏற்கத்தக்கதன்று என்பதற்கு அதன் இயங்குமுறையே சான்று.

முதலாவது, செவி. விஸ்பர் பயின்ற 680,000 மணி நேர ஒலிப்பதிவில், ஆங்கிலம் ஒழிந்த 96 மொழிகளுக்கும் சேர்ந்து கிடைத்தவை 117,000 மணி நேரமே. அதிலுள்ள தமிழின் பங்கினுள் மட்டக்களப்பார் 'மறுகா' என்று தொடங்கும் பேச்சு எத்துணை இருந்திருக்கும்? கரையோர வேடர் என அழைக்கப்படும் வாகரைப் பகுதி மக்களின் தமிழோ இன்னும் அரிது. 'தோணா' என்று கூறியது 'தோணி' என்று போய்ச் சேருமாயின், நீரோடையைப் பற்றிய முறைப்பாடு வள்ளத்தைப் பற்றியதாகிவிடும். பிழையாகக் கேட்டல் மட்டுமன்று, சொல்லாததைக் கேட்டலும் உண்டு. 2024இல் வெளியான ஓர் ஆய்வு, விஸ்பர் எழுத்தாக்கிய ஒலித்துண்டுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றில், பேசியவர் கூறாத முழுச் சொற்றொடர்களே புகுந்திருந்தமையைக் கண்டது. இடையிடையே நீண்ட நேரம் மௌனமாயிருப்போர் பேச்சில் இது மிகுந்தது. துயரத்தைச் சொல்வோர் இடையிற் பேசாதிருப்பது இயல்பு. அம்மௌனத்தையும் பொறி நிரப்பிவிடுகின்றது.

இரண்டாவது, மீனவரின் வினாவுக்கு முன்பாகச் செயலி தன் கட்டளையொன்றைச் சேர்த்தே அனுப்புகின்றது. 'சுருக்கமாக விடை கூறுக', 'இன்ன விடயத்தைப் பேசாதே' என்றாற்போல அஃது அமையும். விடையின் போக்கைப் பெரிதும் வகுப்பது அதுவே. அதனை அவர் காண்பதில்லை. மேலும், பொறிக்கு நினைவென்பது பொதுவாக இல்லாமையால், ஒவ்வொரு முறையும் பழைய உரையாடல் முழுவதும் மீண்டும் அனுப்பப்படுகின்றது. கூறியது கூறலை நன்னூலார் குற்றமென்றார். இங்கு அஃது இலக்கணமாகிவிட்டது! உரையாடல் நீளும்போது, முற்பகுதியில் எதை வைப்பது, எதை வெட்டுவது என முடிவு செய்வதும் செயலியே.

இதிற் பணமும் கலந்துள்ளது. யூ.டி.எவ்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்தொன்று ஒரு பைற்றில் அடங்கும். தமிழின் 'கொ' ஆறு பைற்றுகளைக் கொள்ளும். கட்டணமோ டோக்கன் என்னும் துணுக்குகளை எண்ணி அறவிடப்படுகின்றது. தமிழ் வாக்கியம் அதே பொருளுடைய ஆங்கில வாக்கியத்தினும் பெரும்பாலும் மிகுதியான துணுக்குகளாகச் சிதறும். ஆகவே வினாவை ஆங்கிலமாக்கி அனுப்பி, விடையைத் தமிழாக்கிக் கொடுக்கும் ஆசை செயலி ஆக்குவோருக்கு எழுகின்றது. வாகரையார் கேட்டது இருமுறை மொழிபெயர்ந்து, அவர் கேட்டதற்கே விடையென அவரிடம் மீளும்.

இத்தகைய தூதனை வகுத்துக் கூறுவோன் என்னாது வேறு எவ்வாறு அழைப்பது? கனடாவில் இவ்வழக்கு ஒருவாறு தீர்க்கப்பட்டது. ஏர் கனடாவின் உரையாடும் பொறி, இறப்புச் செய்தி கேட்டுப் பயணஞ்செய்வோருக்கான கட்டணச் சலுகை பற்றிப் பயணி ஒருவருக்குப் பிழையான தகவல் அளித்தது. பொறி தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனியொரு சட்ட ஆள் என்ற பொருள்பட நிறுவனம் வாதிட்டது. பிரித்தானியக் கொலம்பியாவின் குடியியற் பிணக்குத் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் அவ்வாதத்தைத் தள்ளி, பயணிக்கு ஈடு வழங்கப் பணித்தது. எனினும் அத்தீர்ப்பு வந்து சேர்ந்த விடையைப் பற்றியதே. போகும் வழியிற் திரிந்த வினா அங்கு ஆராயப்படவில்லை. வாகரையாரின் இடர்ப்பாடோ பெரிதும் வினாவிலேயே உள்ளது. தம் வினா திரிந்ததையே அறியாதவர் எதனை முறையிடுவார்?

அந்தரங்கம் பற்றியும் ஒரு சொல். 1966இல் எலிசா என்னும் உரையாடும் நிரலை வெளியிட்ட யோசேப் வைசன்பாம், தம் செயலாளர் அதனோடு உரையாடத் தொடங்கியதும் தம்மை அறையை விட்டு வெளியேறுமாறு வேண்டினார் எனப் பின்னர் எழுதினார். ஆக்கியவர் அறையில் நின்றமையால் அவரை வெளியேறச் சொல்ல முடிந்தது. இன்று இடையிலுள்ள செயலி அறையை விட்டு வெளியேறுவதில்லை. அது நிற்பதே தெரிவதில்லை. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுக்கு வெளியே செல்லும் தரவைக் கருத்திற் கொண்டுள்ளது. ஆயினும், தன் குரல் நாட்டை விட்டுச் சென்றது என்பதையே அறியாதவனுக்குச் சட்டம் தரும் உரிமை எட்டாக் கனியே.

இவையனைத்தையும் கொண்டு இத்தூதனை விலக்குக எனல் நகரத்தாரின் கூற்றாகவே அமையும். பெட்டிசம் எழுதுவிக்கப் பட்டினத்துக்குப் பேருந்தேறின் ஒரு நாட் கூலி போகும். எழுதுபவரின் ஏளனத்தையும் சகிக்க நேரிடும். நள்ளிரவிலும் முகஞ்சுளியாது கேட்கும் பொறி, எழுத்தறியாத முதியவருக்குச் சிறிய உதவியன்று. ஆகவே கோரத்தக்கது நொத்தாரிசிடம் கோரப்பட்டதே. குரல் எழுத்தானதும், அதனை அனுப்புமுன் அவருடைய தமிழிலேயே வாசித்துக் காட்டல். விடை எத்தகைய கட்டளையின்கீழ் வந்தது என்பதைக் கேட்டாற் கூறல். அவ்வாறு செய்தால் விடை சில நொடிகள் பிந்தும். சில டோக்கன்கள் மேலதிகமாகச் செலவாகும். அச்செலவை ஏற்க மறுப்பவர் ஓலை கொடுத்து நிற்பவர் என்னும் பெயரை உரிமை கோரவியலாது. ஏற்பவர், களப்பின் கரையிலுள்ளவர் 'ஓம், அதுதான் நான் சொன்னது' என்று கூறும்வரை ஓலையைக் கையில் வைத்திருப்பார்.