ஆண்டி கையிலும் ஒரு தண்டம்



போன தடவை கொல்லிமலைக்குப் போனப்போ செல்போனை வீட்டிலேயே வச்சிட்டுப் போனேன். பஸ் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிச்சப்போ மனசு அவ்வளவு லேசா இருந்துச்சு. பழனி ஆண்டி எல்லாத்தையும் உதறிட்டுத்தானே நிக்கிறான், நமக்கு எதுக்கு இந்தச் சுமைன்னு ஒரு பெருமை வேற.

அறப்பளீஸ்வரர் கோயில்லேர்ந்து ஆகாய கங்கைக்கு இறங்க ஆயிரம் படிக்கு மேல. பாதி வழியில ஒரு பெரியவர் வழுக்கி விழுந்துட்டார். காலை ஊன்ற முடியல. மகன் மேலே கோயில்ல இருக்கான்னு நம்பர் சொன்னார். நான் வெறுங்கையோட நின்னேன். இன்னொரு தம்பிதான் சிக்னல் தேடிப் படியேறிப் போய்க் கூப்பிட்டான்.

என் துறவு அடுத்தவர் போனை நம்பித்தான் நடந்திருக்கு!

அப்பதான் உறைச்சுது. எல்லாத்தையும் விட்ட ஆண்டி, கையில தண்டத்தை விடலையே. ஊன்றுகோலா இருக்கிற வரைக்கும் போன் சுமையில்ல. ரீல்ஸ், ஸ்டேட்டஸ்னு ஆகும்போதுதான் சுமை. பழனி கோயிலுக்குள்ள 2023 அக்டோபர் 1 முதல் செல்போனுக்குத் தடை, அது சரிதான். சன்னதியில அவன் முகம் போதும். மலைப்பாதையில கூட நடக்கிறவங்களையும் பார்க்கணும்.

இப்போ எடுத்துட்டுப் போறேன். அணைச்சு, பைக்கு அடியில.

வேலும் மயிலும் துணை!