இரவல் கோட்டு

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் நின்றுகொண்டிருந்தோம். கம்பத்து இளைஞன் ஒருவன் நம்மை அணுகி ஸலாம் உரைத்தான். சிறுவனாக இருந்தபோது நம்மிடம் ஓதியவன். பின்னர் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் வணிகவியல் பயின்று பட்டம் பெற்றவன். சென்னையிலுள்ள ஒரு நிறுவனம் அவனை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறது. "ஹஜ்ரத், கோட்டுப் போட்டுக்கொண்டு போகலாமா?" என்று கேட்டான்.

இதுவும் ஆலிமிடம் கேட்கத்தக்க ஒரு கேள்வியா என்று நமக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தில் சிரிப்பில்லை. வீட்டில் இரண்டு நாளாக இதே பேச்சாம். அக்காளின் கணவர் தம் திருமணத்தன்று அணிந்த கோட்டைத் தூசு தட்டி எடுத்து வைத்திருக்கிறார். நம் பள்ளத்தாக்கில் இப்போது மாப்பிள்ளைக்குக் கோட்டு இல்லாமல் நிக்காஹ் நடப்பது அருகிவிட்டது. அன்று ஒரு நாள் மேடையேறிய பின் அது பீரோவில் உறங்கும். இளைஞனின் அத்தா, விடியுமுன்னே ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலையேறுபவர். "ஜீப்புக்காரன் மகனுக்கு எதுக்குடா கோட்டு?" என்பதோடு அவர் பேச்சை முடித்துக்கொண்டாராம்.

கூடுமா, கூடாதா என்பதற்கு விடை சொல்வது நமக்கு எளிதாகவே இருந்தது. கோட்டு அந்நியர் உடை என்று ஒதுக்குவோர் இன்றும் உளர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஷாம் நாட்டு ஜுப்பா அணிந்திருந்தார்கள் என்பதை அன்னவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதன் கை மிகக் குறுகலாக இருந்தமையால் ஒளூச் செய்யும்போது மேலே சுருட்ட இயலவில்லை. கரங்களை உள்ளே இழுத்து, அங்கியின் கீழ்ப்புறமாக வெளியே எடுத்துக் கழுவினார்கள் என்று முகீரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்நாளில் ஷாம் ரோமர் ஆட்சியில் இருந்த தேசம்.

இன்னொரு செய்தி இதனினும் நெருக்கமானது. பள்ளிவாசல் வாயிலில் பட்டாடை ஒன்று விலைக்கு வந்தது. அதை வாங்கி ஜும்ஆ நாளிலும், தூதுக் குழுக்கள் காண வரும்போதும் அணிந்துகொள்ளலாமே என்று உமர் (ரலி) அவர்கள் யோசனை கூறினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். மறுத்தது பட்டு என்பதற்காக. காண வருவோர் பொருட்டு நல்லுடை உடுத்துவது என்னும் கருத்தை அவர்கள் மறுக்கவில்லை. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இச்செய்தியைத் தூதுக் குழுவினருக்காக அழகுபடுத்திக்கொள்ளுதல் என்ற தலைப்பின்கீழ் வைத்திருப்பதிலேயே அவர்களின் நுண்ணறிவு விளங்கும். ஆகவே, உன்னைக் காண நால்வர் காத்திருக்கும் அறைக்குள் திருத்தமாகப் போவதில் குற்றமில்லை என்றோம்.

பையன் தலையாட்டினான், நகரவில்லை. "அது தெரியும் ஹஜ்ரத். கோட்டு என்னுடையது இல்லையே! எங்களிடம் இல்லாத வசதியை இருப்பதுபோலக் காட்டினால் அது பொய்யாகாதா? பொய்யின் இரண்டு ஆடைகள் என்று நீங்கள்தானே பாடம் நடத்தினீர்கள்?"

நாம் திகைத்தோம். தனக்குக் கொடுக்கப்படாத ஒன்றைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவர் பொய்யின் இரு ஆடைகளை உடுத்தியவர் போன்றவர் என்னும் கருத்துள்ள நபிமொழியையே அவன் குறித்தான். கணவன் தராததைத் தந்ததாகச் சக்களத்தியிடம் காட்டிக்கொள்ளலாமா என்று ஒரு பெண் வினவியபோது கிடைத்த விடை அது. பாடம் நடத்தியவனிடமே பாடம் திரும்பி வந்து நின்றது. 'பிறகு சொல்கிறேன்' என்று அவனை அனுப்பிவிட்டு வீடு திரும்பினோம்.

அன்றிரவு நூல்களைப் புரட்டியதைவிட, நம் சொந்தக் கதையொன்றைப் புரட்டியதே மிகுதி. நமக்கு இருபத்தைந்து வயது. மதரஸா ஓதி முடித்து, தமிழிலும் பட்டம் பெற்று, வேலை தேடி அலைந்த காலம். வெளியூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியர் பணிக்கு அழைப்பு வந்தது. கைலியும் வேட்டியும் அன்றி வேறறியாத நாம், நண்பர் ஒருவரிடம் முழுக்கால்சட்டையும் கைக்கடிகாரமும் இரவல் வாங்கிக்கொண்டு போனோம். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. வாரால் இறுக்கிக் கட்டியிருந்தோம். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நன்றாகவே விடை கூறினோம். இறுதியில் ஒருவர், "தகப்பனார் என்ன செய்கிறார்?" என்று வினவினார்.

நம் அத்தா சைக்கிளின் பின்னிருக்கையில் கைலி மூட்டையைக் கட்டிக்கொண்டு சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை தெருத்தெருவாகக் கூவி விற்றவர். நாம் சொன்னோம்: "ஜவுளி வியாபாரம்."

அந்தச் சொல்லில் பொய் இல்லை. கைலியும் ஜவுளிதான், விற்பதும் வியாபாரந்தான். ஒரு சொல்லின் தொலைப்பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு, கேட்பவர் அண்மைப்பொருளைக் கொள்ளுமாறு பேசுவதை அரபியில் தவ்ரியா என்பர். நாம் அதை இலக்கணப் பாடமாகக் கற்றிருந்தோம். ஆனால் அவர்கள் கண்முன் எழுந்தது ஒரு கடை, பலகை, கல்லாப்பெட்டி. அவற்றை எழுப்பியது சொல் மட்டுமன்று. கைக்கடிகாரமும் சேர்ந்தே எழுப்பியது. கைலியோடு போய் அதே சொல்லைச் சொல்லியிருந்தால் எவரும் கடையை நினைத்திருக்க மாட்டார். வேலை கிடைத்தது. அத்தா அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். இன்று நாளை என்று நாம் கடத்தினோம். அவர் பார்க்காமலே மவுத்தானார்.

எனவே இளைஞனின் கேள்விக்கு நாம் கண்ட விடை இதுதான். பிறர் ஆடையை வாங்கி உடுத்துவது மட்டும் பொய்யாகிவிடாது. திருமணத்துக்கு அண்டை வீட்டு நகையை இரவல் வாங்கி அணிவது நம்மிடையே உள்ள வழக்கம். ஆயிஷா (ரலி) அவர்களும் தம் சகோதரியிடம் கழுத்துமாலை இரவல் வாங்கி அணிந்ததுண்டு. ஆடை ஒன்று சொல்லி, அதைக் காப்பாற்ற நாவும் உடன்போகும்போதே இரண்டாவது ஆடை தைக்கப்படுகிறது.

அந்த நபிமொழிக்கு உரை கண்டவர்களுள் சிலர் வேறொரு விளக்கமும் தருகின்றனர். முன்னாளில் பொய்ச்சாட்சி தேவைப்பட்டால், தோற்றப் பொலிவுள்ள ஒருவனுக்கு இரண்டு நல்லாடைகளை உடுத்தி அனுப்புவார்களாம். ஆடையைப் பார்த்து அவன் சாட்சியம் ஏற்கப்பட்டுவிடுமாம். இதைப் படிக்குந்தோறும் நமக்கு அந்தக் காழியின் மேல்தான் கோபம் வரும். துணியின் சாட்சியத்தை ஏற்பவர் இருப்பதனால்தானே துணி சாட்சி சொல்லப் போகிறது? நேர்முகத் தேர்வு நடத்துவோரும் ஒருவகையில் காழிகளே.

2014 ஜூலையில் சென்னையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் வேட்டி உடுத்திப் போனதால், சேப்பாக்கம் கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்துக்குள் அவரை விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. வேட்டி உடுத்தியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், மன்றத்தின் உரிமம் ரத்து. நல்ல சட்டம். ஆயினும் அது வாயிற்கதவைத் திறக்கும். உள்ளே மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் மனத்துக்குள் எந்தச் சட்டமும் நுழைவதில்லை. நீதிபதிக்கு வீட்டுக்குத் திரும்பினாலும் பதவி இருக்கிறது. ஜீப்புக்காரர் மகனுக்கு அந்த ஒரு கதவுதான். 'வேட்டியோடு போய் நம் மானத்தைக் காப்பாற்று' என்று அவனை ஏவ நமக்கு உரிமையில்லை.

இவ்விடத்தில் காந்தியடிகளின் வாழ்வு நினைவுக்கு வருகிறது. 1893இல் டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது அவர் கழற்றாமல் வெளியேறினார். மறு ஆண்டு, வழக்கறிஞராகப் பதிவு பெற்றதும் தலைமை நீதிபதி அதையே சொல்ல, கழற்றிவிட்டார். அவரை வரவழைத்திருந்த வணிகர் அப்துல்லா சேட்டுக்கு இது பிடிக்கவில்லை. சிறியதில் விட்டுக்கொடுத்து, பெரியதற்காக வலிமையைச் சேர்த்துவைப்பதாகக் காந்தி கருதினார். அவர்தாம் 1921 செப்டம்பர் 22ஆம் நாள் நம் மதுரை மேலமாசி வீதியில் மேலாடையே களைந்தார். கழற்றியதும் களைந்ததும் ஒரே மனிதர். எதை மறைப்பதற்காக அல்ல என்பது இரண்டு இடத்திலும் அவருக்குத் தெளிவாக இருந்தது. நமக்கு அந்த ஜவுளி வியாபாரத்தில் அது இருக்கவில்லை.

மறுநாள் பையனை அழைத்து, "கோட்டைப் போட்டுக்கொள், அத்தாவின் தொழிலைக் கேட்டால் ஜீப்பு என்று சொல்" என்றோம். நம் கைலி மூட்டைக் கதையையும் சொன்னோம். மாணவனிடம் சொல்லக் கூசிய கதைதான். அவன் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

போடி ரயிலில் போய் வந்தான். ரயிலில் கோட்டை மடித்துப் பையில் வைத்திருந்தானாம். தொழுகைக்காக ஒளூச் செய்யப் போனபோது கை சுருளவில்லை என்றும், கழற்றிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுக் கழுவியதாகவும் சொன்னான். உள்ளே தகப்பனாரைப் பற்றிக் கேட்டார்கள். "கம்பம்மெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறார்" என்றிருக்கிறான். ஒருவர், அந்த வளைவுகளில் மழைக்காலத்தில் எப்படி ஓட்டுகிறார் என்று கேட்டாராம்; சற்று நேரம் அதைப் பற்றியே பேச்சு நடந்ததாம். மற்ற மூவரும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிவு இன்னும் வரவில்லை. கோட்டு மச்சான் வீட்டுக்குத் திரும்பிவிட்டது.