அழகும் அடித்தளமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. மனிதரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை. உள்ளத்தில் ஊறும் சினமும் கனிவும் சிறிது நேரத்திலேனும் கண்ணுக்கும் இதழுக்கும் வந்துவிடுகின்றன. ஆனால், மனிதன் செய்த பொருள்களுக்கும் இவ்வாக்குப் பொருந்துமா? குறிப்பாக, அழகோடு பிறந்து, வயது முதிர்ந்து, கைமாறிக் கைமாறி வந்த ஒரு பொருளை விலைக்கு வாங்க நினைப்பவர், அதன் முகத்தை நம்பலாமா? இக்கேள்வியை ஆராய, ஓர் இத்தாலியக் காரை எடுத்துக்கொள்வோம்.

1966ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜெனீவாக் கண்காட்சியில், மிலான் நகரின் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் ‘ஸ்பைடர்’ என்னும் காரை உலகுக்குக் காட்டியது. இருவர் அமரக்கூடிய சிறு வண்டி. மேலே மடக்கி வைக்கத்தக்க துணிக்கூரை. அதன் உடலை வடிவமைத்தது துரின் நகரின் பினின்ஃபரீனா நிறுவனம். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த பத்திஸ்தா பினின்ஃபரீனா, வண்டி வெளிவந்த சில வாரங்களில், ஏப்ரல் மாதத்தில் காலமானார். முன்னும் பின்னும் மெலிந்து உருண்டிருந்த அதன் வடிவத்தைக் கண்ட இத்தாலியர், ‘கணவாய் ஓடு’ என்று அதற்குச் செல்லப் பெயர் சூட்டினர். 1967இல் வெளிவந்த ‘தி கிராஜுவேட்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் அதன் புகழைக் கடல்கடந்தும் பரப்பியது. வால்பகுதி வெட்டப்பட்டும் வேறு சில மாற்றங்கள் பெற்றும், 1993 வரை ஏறத்தாழ 1,24,000 வண்டிகள் செய்யப்பட்டன. கிடைத்தற்கு மிக அரியது அன்று. உதிரிப் பாகங்களுக்கும் பெரும் பஞ்சம் இல்லை. எனவே, முதன்முதலாகப் பழங்கார் ஒன்றை வாங்க விரும்புவோர் பலரின் கண் இதன்மேல் விழுகிறது.

லொம்பார்தியின் சிற்றூர் ஒன்றில் வாழும் ஒருவரைக் கற்பனை செய்து பார்ப்போம். இருபது வயதில் இவ்வண்டி தெருவில் போகக் கண்டு நின்றவர். அப்போது கையில் பணம் இல்லை. பிள்ளைகளை வளர்த்து, வீட்டுக்கடனை அடைத்து, தலை நரைத்த பின்னர் சிறிது சேமிப்போடு ஒரு கொட்டகையின் முன் வந்து நிற்கிறார். கதவு திறக்கிறது. செந்நிற வண்டியின்மேல் காலை வெயில் படுகிறது. அவ்வேளையில் அவர் எதைக் காண்கிறார்? எதிரே நிற்கும் இரும்பையா, தாம் இழந்துவிட்ட இருபது வயதையா?

இந்த இடத்தில்தான் அவ்வண்டியின் அமைப்பு நமக்கு ஓர் உண்மையைக் கற்பிக்கிறது. மூடிய காரில் கூரையும் உடலின் வலிமையில் பங்கேற்கிறது. தரை, தூண், கூரை ஆகிய மூன்றும் ஒரு கூடுபோல் இணைந்து வண்டி வளையாமல் தாங்குகின்றன. கூரையை நீக்கிவிட்டால் அச்சுமை எங்கே போகும்? கீழேதான் போகும். கதவுகளுக்கு அடியில், முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை, இருபுறமும் பெட்டி போன்ற இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. வானம் பார்க்கும் அந்த வண்டியின் முதுகெலும்பு, யாரும் பார்க்காத அந்தச் சட்டங்களே.

துருவும் அங்கேதான் தொடங்குகிறது. துணிக்கூரையின் விளிம்பில் கசியும் மழைநீர் தரைவிரிப்பின் அடியில் தங்குகிறது. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, சக்கரம் வாரியடிக்கும் சேற்றோடு சேர்ந்து வெளியிலிருந்து அரிக்கிறது. உள்ளிருந்து ஒன்றும் வெளியிலிருந்து ஒன்றுமாக, ஆண்டுக்கணக்கில் இவ்வேலை ஓசையின்றி நடக்கிறது. ஓட்டையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பது நேர்மையான வழி. செலவு மிக்க வழி. அதன்மேல் பட்டி பார்த்து, தேய்த்து, வண்ணம் அடித்துவிடுவது மற்றொரு வழி. இரண்டுக்கும் முகம் ஒன்றுதான். பழமொழி இங்கே நமக்குக் கைகொடுப்பதில்லை.

ஆகவே, அனுபவம் உள்ளவர்கள் சில சோதனைகளைச் சொல்வார்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைச் சட்டத்தின்மேல் நகர்த்திப் பார். இரும்பைப் பற்றும் காந்தம் பட்டியைப் பற்றாது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடிப் பார். சட்டம் வலுவிழந்திருந்தால் உடல் வளைந்து கதவு இறுகும். இயந்திரம் சூடேறும் முன்பே ஓட்டி, இரண்டாம் கியர் கரகரக்கிறதா என்று கேள். இவற்றுள் முதன்மையானது, முழங்காலிட்டுக் குனிந்து, விளக்கொன்றைப் பிடித்து, வண்டியின் அடியைப் பார்ப்பது. நம் நாட்டுச் சந்தையில் மாடு வாங்கும் உழவர் பல்லையும் சுழியையும் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. அழகிய கொம்பைக் கண்டு மயங்கினால் ஏர் உழாது என்பது அவர் அறிந்தது.

குறையை மறைப்பது பற்றிய வழக்கு இத்தாலிய மண்ணுக்குப் புதிதன்று. பண்டைய உரோமையில் சந்தைகளை மேற்பார்த்த அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவர்களுக்கும் அவற்றுக்கும் உள்ள நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டிருந்தனர். மனிதரை மாட்டோடு சேர்த்து விற்ற கொடுமையின் நடுவிலும், விற்பனையில் உண்மை வேண்டும் என்ற எண்ணம் தோன்றியிருந்தது. கி.மு. 44இல், ஏதென்சில் பயின்றுகொண்டிருந்த தம் மகனுக்கென எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலில், சிசெரோ ஒரு வீட்டு விற்பனையை எடுத்து ஆராய்கிறார். வீட்டின் மரம் உளுத்தது. அறைகளில் பாம்புகள் உலவுகின்றன. விற்பவருக்கு மட்டுமே இது தெரியும். அவர் வாய்திறக்க வேண்டுமா? பாபிலோனியத் தியோஜெனிஸ், வாங்கும்படி எவரும் வற்புறுத்தவில்லையே, பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்று வாதிடுகிறார். அவருடைய மாணவர் அந்திப்பாத்தர், தெரிந்தே பிறரைத் தவறில் விழவிடுவது வழிதவறியவனுக்கு வழிகாட்டாமல் இருப்பதினும் கொடிது என்கிறார். சிசெரோவின் தீர்ப்பு மாணவர் பக்கமே சாய்கிறது. தன் ஆதாயத்துக்காக மறைப்பவர் நேர்மையாளர் அல்லர்.

விற்பவரைப் பற்றிய நீதி இவ்வளவில் தெளிவு. ஆயினும், வாங்குபவரின் உள்ளத்துக்குள்ளும் இதே வழக்கு நடக்கிறதல்லவா? செந்நிற வண்டியின் முன் நிற்கும் நம் லொம்பார்தி நண்பரைப் பாருங்கள். காந்தம் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. அதை எடுக்க அவர் கை தயங்குகிறது. எடுத்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் கனவு கலைந்துவிடும். “பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று உள்ளிருந்து ஒரு குரல் எழுகிறது. அக்குரல் விற்பவருடையது அன்று. அவருடைய ஆசையின் குரல். அவருக்கு அவரே விற்கிறார். அவருக்கு அவரே குறையை மறைக்கிறார். பிறர் செய்யும் வஞ்சகத்துக்குச் சட்டம் உண்டு, நீதிமன்றம் உண்டு. தன்னைத் தானே வஞ்சிப்பவருக்கு எந்த நீதிமன்றம் உண்டு?

அறிய மறுக்கும் விருப்பத்தை அன்பு என்று சொல்ல முடியாது. அது தன் கனவை மட்டுமே நேசிக்கிறது, பொருளை அன்று. வண்டியை உண்மையாகவே விரும்புபவர் முதலில் முழங்காலிடுவார். துருவைக் கண்ட பின்னும் அவர் வாங்கலாம்; அதற்குத் தடையில்லை. ஆனால், அப்போது அவர் வாங்குவது தம் இளமையை அன்று, ஒரு பொறுப்பை. கொடுக்கும் விலையோடு, தகடு வெட்டவும் பற்றவைக்கவும் ஆகும் செலவையும் ஒதுக்கி வைத்துக்கொண்டு வாங்குவார். அவ்வளவு இயலாதென்றால், வண்டியைத் தடவிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவதும் அன்பின் செயலே.

“வறியோர் நிறைந்த உலகில் இது வீண் ஆடம்பரம் அன்றோ?” என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வண்டியின் புகையும் அண்டை வீட்டார் மூச்சில் கலப்பதே. ஆல்ஃபா ரோமியோ பிறந்த மிலான் நகரமே 2019இல் ‘ஏரியா பி’ என்னும் வலயத்தை வகுத்து, புகை மிகுந்த பழைய வாகனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. இவ்வின்பத்துக்கு எல்லை உண்டு என்பதை வாங்குபவர் ஏற்க வேண்டும். பிள்ளையின் படிப்புக்கோ பெற்றோரின் மருந்துக்கோ உரிய பணம் இதில் போகுமாயின், சட்டம் எவ்வளவு உறுதியாக இருப்பினும் அவ்விற்பனை உளுத்ததே. அவ்வாறன்றி, தம் தேவையிலிருந்து மிச்சம் பிடித்தவர், ஓய்வுநாளில் சில கல் தொலைவு ஓட்டுவதற்காகப் பழையதொன்றைக் காத்துவந்தால், தகடு தட்டுபவரின் கைத்திறனும் துணிக்கூரை தைப்பவரின் கைத்திறனும் அவரோடு வாழ்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோட்டைச் சட்டம் வரையாது. அவரவர் மனச்சான்றே வரைய வேண்டும்.

முடிவாக ஒன்று. இன்று வாங்குபவர் ஒருநாள் விற்பவராவார். அல்லது அவர் பிள்ளைகள் விற்பர். அன்று வேறோர் இளைஞரோ முதியவரோ கொட்டகையின் முன் வந்து, கண்களில் கனவோடு நிற்பார். வண்டியைப் பளபளவெனத் துடைத்து நிறுத்தியிருப்பார்கள். அந்த வேளையில் நம் நண்பர் என்ன செய்வார்? தாம் மாற்றிய தகடு எது, மாற்றாமல் விட்டது எது என்று ஆண்டுவாரியாக எழுதிய குறிப்பேட்டை எடுத்துக் கையில் கொடுப்பாரா? கையில் விளக்கையும் தந்து, “குனிந்து பாருங்கள்” என்று சொல்வாரா?

அப்படிச் சொல்லக்கூடியவராக அவர் மாறியிருந்தால், அந்த வண்டிக்காக அவர் செலவிட்டது எதுவும் வீணாகவில்லை.