தோல்வாரும் அமானத்தும்

அறுபடப்போகும் ஆட்டுக்கும் ஓர் உரிமை உண்டு. அறுப்பவர் கத்தியை நன்கு தீட்டிக்கொண்டு அதன் வேதனையைக் குறைக்க வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியிருக்கிறது. சில நிமிடங்களில் உயிர் துறக்கப்போகும் பிராணிக்கே இவ்வளவு என்றால், சவரம் முடிந்ததும் எழுந்து தொழுகைக்குச் செல்ல வேண்டிய மனிதரின் தலைமேல் வைக்கும் கத்தியைக் குறித்து நாம் எவ்வளவு அக்கறை கொள்ள வேண்டும்!

(தாடி பற்றிய விவாதத்துக்குள் நாம் இங்கே நுழையவில்லை. ஹஜ்ஜிலும் உம்ராவிலும் தலை மழிக்கிறோம். ஏழாம் நாள் குழந்தைக்கு முடி இறக்குகிறோம். கத்திக்கு வேலை நிறைய இருக்கிறது.)

கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டுவதும் தோல்வாரில் தீட்டுவதும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். அப்படியல்ல. கல் இரும்பைத் தேய்த்துப் புது விளிம்பை உண்டாக்குகிறது. தோலோ, கண்ணுக்குத் தெரியாதபடி வளைந்துபோன அந்த மெல்லிய விளிம்பை நிமிர்த்தி நேராக்குகிறது. மயிர் எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது. ஆயினும் அது சவர அலகின் விளிம்பைச் சிதைத்துவிடுகிறது என்பதை மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-இல் நுண்ணோக்கி மூலம் காட்டினார்கள். விளிம்பு உடைந்துவிட்டால் கல்தான் வேண்டும். வளைந்திருந்தால் வார் போதும். ஆகவேதான் ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் கத்தி வாருக்குப் போக வேண்டியிருக்கிறது.

இதை ஒருவர் செய்யாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? கடையில் அரிசி நிறுத்து வாங்குகிறவருக்கு எடையில் சந்தேகம் வந்தால், வேறு தராசில் போட்டுப் பார்த்துவிடலாம். குனிந்து தலையைக் கொடுத்தவர் எதைப் பார்ப்பார்? எரிச்சல் எடுத்தால், "நம் தோல்தான் மென்மையானது போலும்" என்று தன்னையே நொந்துகொண்டு, கூலியையும் கொடுத்துவிட்டுப் போவார். மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் இழுக்க வேண்டும். அழுத்தும் கை வழுக்கும். காயத்திலிருந்து இரத்தம் வழிந்தோடினால் ஹனஃபி மத்ஹபுக்காரருக்கு உளூவும் போயிற்று. பாதிக்கப்பட்டவரே அறியாமல் நடக்கும் இந்த அநீதியை, அளவை நிறுவையில் செய்யும் மோசடியைவிடச் சிறியதென்று நம்மால் சொல்ல முடியவில்லை. "கத்தியும் என்னுடையது, கன்னமும் என்னுடையது" என்பாரும் உண்டு. அந்தக் கன்னத்தைத் தந்தவன் யார் என்று அவர் யோசிக்கட்டும்.

இனி வாரைப் பற்றி. எந்தத் தோல் ஆகும்? தானாகச் செத்த பிராணியின் தோலும் பதனிட்டால் சுத்தமாகிவிடும். மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பன்றித் தோல் மட்டும் பதனிட்டாலும் ஆகாது. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் தோலும் அப்படியே. வெளிநாட்டு வார்கள் பெரும்பாலும் மாட்டுத் தோலிலோ குதிரைத் தோலிலோ வருகின்றன, இவற்றில் தடையில்லை. என்ன தோல் என்று எழுதியிராத வாரை விலை கொடுத்து வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் வெளிநாட்டு வாருக்காகப் பணத்தைக் கொட்டுவானேன்? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவதில் பெயர் பெற்றது நம் நாடு. வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் தொழிலில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டிருக்கிறார்கள். இன்று பெருமளவு தோல் குரோமிய உப்பில் பதனிடப்படுகிறது. அது மென்மையானது, இழுத்தால் நீளும். வாருக்குப் பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோலே சிறந்தது. முதுகுப் பகுதியிலிருந்து, தழும்பில்லாத இடமாகப் பார்த்து, 3 அங்குல அகலமும் 20 அங்குல நீளமும் வெட்டிக்கொள்ள வேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் தொய்ந்துவிடும். ஒரு முனையில் ஆணியில் மாட்ட வளையம், மறுமுனையில் பிடி, பின்புறம் தடித்த பருத்தித் துணிப்பட்டை ஒன்று. எண்ணெயில் ஊற வைக்க வேண்டாம். அவ்வப்போது உள்ளங்கையால் தேய்த்தாலே பதம் நிற்கும்.

வாரை விறைப்பாக இழுத்துப் பிடித்து, முதலில் துணியிலும் பிறகு தோலிலும் தீட்ட வேண்டும். கத்தியின் முதுகு முன்னே செல்ல, கூர் பின்னே வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்ட வேண்டும். கூரின் பக்கம் புரட்டினால் தோல் கிழியும். வார் தொய்ந்தாலும் கை அழுத்தினாலும் விளிம்பு உருண்டு, தீட்டுவதற்கு முன்பிருந்ததைவிட மோசமாகிவிடும். கத்தியின் கனமே போதும்.

இவ்வளவு சொன்ன நாம், சவரக்கடையில் வாரைத் தொங்கவிடுங்கள் என்று சொல்ல மாட்டோம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே 7 நாட்கள் வரை உயிர்ப்புடன் இருக்க வல்லது. ஒருவரின் இரத்தம் பட்ட கத்தியைக் கழுவலாம், கொதிநீரில் போடலாம். அந்தக் கத்தி தேய்ந்த தோலை என்ன செய்வது? வாரை எடுக்கச் சொன்ன அதே அக்கறைதான், பல தலைகள் வந்து போகும் கடையில் அதைக் கீழே வைக்கவும் சொல்கிறது. ஆளுக்கொரு புது பிளேடு மாட்டும் நாவிதரைப் பார்த்து, பழைய தொழில் போயிற்றே என்று பெரியவர்கள் சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். நாம் அந்த நாவிதரின் பக்கமே நிற்கிறோம். ஏழாம் நாள் பிள்ளையின் உச்சந்தலையில் படும் அலகு புதியதாகவே இருக்கட்டும். அதை உறையிலிருந்து நம் கண்முன்னே பிரிக்கச் சொல்லவும் வெட்கப்பட வேண்டாம்.

தோல்வாருக்குரிய இடம் வீடு; அங்கும் ஒருவர் கத்திக்கு ஒரு வார். தகப்பனாரும் மகனும் தனித்தனியே வைத்துக்கொள்ளட்டும். 7 அங்குல அகலத் தோல் துண்டு ஒன்று கிடைத்தால் இரண்டு வார்கள் தாராளமாக வெட்டலாம்.