மாற்றிய இருக்கையும் மறைத்த குறையும்





சில நாட்களுக்கு முன் நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் கேட்டார்: “ஹஜ்ரத், என்னிடம் இருபது வருடத்துப் பழைய பென்ஸ் கார் இருக்கிறது. மேற்கூரைத் துணி தொங்குகிறது. சீட் தோல் வெடித்துவிட்டது. ஸ்டியரிங் தேய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு விற்றால் கூடுமா?”

முதலில், பழுது பார்ப்பது நல்ல காரியம். நபி (ஸல்) அவர்கள் தமது செருப்பையும் ஆடையின் கிழிசலையும் தாமே தைத்துக்கொண்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். சென்னை வெயிலில் நிற்கும் காரில், கூரைத் துணிக்குப் பின்னால் உள்ள ஃபோம் பொடிந்துபோகும்; துணி தொங்கும். அதற்காக ஓடுகிற வண்டியைத் தூக்கிப் போடுவதுதான் வீண்விரயம். ஜி.பி. ரோட்டில் சீட் தைப்பவருக்கும், புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் விற்பவருக்கும் அதில் ஹலாலான வருமானம் இருக்கிறது. அந்தப் பாகம் திருட்டு வண்டியில் கழற்றியதாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் விற்கும்போது நிலைமை மாறுகிறது. பழகிய மெக்கானிக் கார் பார்க்கப் போனால் மீட்டரை மட்டும் நம்பமாட்டார். பெடல் ரப்பரைப் பார்ப்பார், ஸ்டியரிங் தோலைப் பார்ப்பார், டிரைவர் சீட்டின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். அவை அந்த வண்டியின் சாட்சிகள். மீட்டரைக் குறைத்து வைத்துவிட்டு பெடல் ரப்பரையும் புதிதாகப் போட்டால், அது பழுது பார்ப்பதல்ல, சாட்சியைக் கலைப்பது.

இந்த அடையாறு மக்களுக்கு 2015 டிசம்பர் மறக்காது. ஆறு பெருக்கெடுத்து கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வரை எத்தனை கார்கள் மூழ்கின! மூழ்கிய காருக்குப் புது கார்பெட் விரித்து, சீட்டை மாற்றி, வாசனை அடித்துவிட்டால் பார்ப்பதற்குப் புதிதாக இருக்கும். கார்பெட்டுக்கு அடியில் வயரிங் இணைப்புகள் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். விபத்து நேரத்தில் ஏர்பேக் திறக்காமல் போகலாம். வாங்கியவர் தம் பிள்ளைகளை அதில்தான் ஏற்றிச் செல்வார்.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இது முஸ்லிமில் வரும் ஹதீஸ். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தின் மேல் காய்ந்த தானியத்தைப் பரப்பியதுதான் குற்றம்.

“அவர் கேட்கவில்லை, நானும் பொய் சொல்லவில்லை” என்று சிலர் சொல்வார்கள். ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாட்கள் கறக்காமல் விட்டு, மடி பெருத்த நிலையில் விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அங்கே யாரும் வாயால் பொய் சொல்லவில்லை. பாலும் அதன் சொந்தப் பால்தான். ஆனாலும் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை மார்க்கம் கொடுத்தது. வாய் சும்மா இருந்தாலும் மடி பொய் சொல்லிவிட்டதே!

அப்படியானால் எதைச் சொல்ல வேண்டும்? இருபது வருடத்து வண்டி தேய்ந்திருக்கும் என்பது வாங்குபவருக்கே தெரியும். சீட்டைப் புதிதாகத் தைத்திருந்தால் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார். நாம் மாற்றிய பொருள், மாற்றாத பொருளைப் பற்றி அவரைத் தவறாக நினைக்க வைத்தால், அங்கே வாயைத் திறப்பது கடமை. வெள்ளத்தில் நின்றதா, மீட்டர் மாற்றப்பட்டதா, விபத்தில் அடிபட்டதா, இவற்றை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.

சொன்னால் விலை குறையும். உண்மைதான், குறையும். அதை மறுக்க முடியாது. கூஃபாவில் பட்டுத் துணி வியாபாரம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், ஒரு துணியில் குறை இருப்பதைச் சொல்லி விற்கும்படி தம் கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் முழுப் பணத்தையும் தர்மம் செய்துவிட்டார்கள். ஒரு துணியின் குறைக்கு மொத்தப் பணம்! விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற ஹதீஸை அவர்கள் நம்பி நடந்தார்கள்.

ஆகவே கேள்வி கேட்ட சகோதரருக்கு: தாராளமாக மாற்றுங்கள். பில்களைப் பத்திரமாக வையுங்கள். விற்கும்போது எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று சொல்லி, அந்தப் பில்களையும் அவர் கையில் கொடுங்கள். பிறகு அவர் சம்மதித்த விலை உங்களுக்கு ஹலால்.

நமது வியாபாரங்களில் உண்மையையும் பரக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.