தனிமையும் கேவலமும்

பிறர் இன்றி ஒருவன் இருத்தலைக் குறிக்கத் தமிழில் வழங்குஞ் சொற்கள் பல. அவை ஒரு பொருளனபோலத் தோன்றினும் வெவ்வேறு நிலைகளைக் காட்டுவன. தொல்காப்பியனார் உரியியலிற் புலம்பு என்னுஞ் சொற்குத் தனிமையே பொருள் என்றார். பிற்காலத்து அஃது அழுது அரற்றுதலைக் குறிப்பதாயிற்று. துணையற்றார் வாய்விட்டு அழுதல் இயல்பாதலின், சொல்லும் அவர்பின்னே சென்றது போலும்.

தனி என்பது, இறைவனைத் தனிமுதல் என்னுமிடத்து ஒப்பின்மையையும், உயிர் தன்னைத் தனியன் என்னுமிடத்து எளிமையையும் குறிக்கும். மணிவாசகப் பெருமான் திருச்சதகத்திலே தம்மைத் தனியனேன் என்றது பிறவிக் கடலிடைப்பட்ட நிலையில். ஆண்டும் ஐந்தெழுத்தாகிய புணை அவர் கையகத்து இருந்தமை கருதத்தக்கது.

இனிக் கேவலம் என்னும் வடசொல்லை நோக்குவாம். தனித்திருத்தல் என்பதே அதன் பொருள். சாங்கியர், புருடன் பிரகிருதியினின்று நீங்கித் தனித்து நிற்றலைக் கைவல்லியம் எனக் கூறி, அதனையே வீடுபேறாகக் கொண்டனர். நம் சித்தாந்தமோ கேவலம் என்பதனை உயிரின் கடைப்பட்ட நிலைக்குப் பெயராக வைத்தது. கலை முதலிய கருவிகளோடு கூடாமையின், இச்சையும் அறிவும் செயலும் விளங்காது, ஆணவம் ஒன்றோடே உயிர் கிடக்கும் நிலை அது. புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னையேனும் கண்ணுக்குக் காட்டும். ஆணவமோ தன்னையுங் காட்டாது என்பது உமாபதி சிவனார் கருத்து. அவ்விருளினும் இறைவன் உயிரை விட்டு நீங்கினானல்லன். உடனிருப்பானை உயிர் அறியாமையே ஆண்டுத் தனிமையாயிற்று. (உலகவழக்கிற் கேவலம் என்பது இழிவைக் குறித்தல் வேறு வழியான் வந்ததாயினும், ஈண்டைக்குப் பொருந்தாமற் போகவில்லை.)

இஃது இங்ஙனமாக, ஏகாந்தம் நாடுகின்றேம் என்று முதிர்ந்த தாயை மனையில் விட்டு அகல்வாரும் உளர். யான் என்பதனை உடன்கொண்டு சென்றவன் மலைமுழையிற் புக்கிருப்பினும், ஆணவத்தோடு தனித்தானேயன்றிச் சிவத்தோடு தனித்தானல்லன். சிவஞானபோதம் 10 ஆம் சூத்திரத்தில் இறைவனோடு ஏகனாகி நிற்றலைக் கூறிற்று. கூறியும் அதனோடு அமையாது, 12 ஆம் சூத்திரத்தில் அன்பரோடு கூடியிருத்தலை விதித்தது. மலம் நீங்கினார்க்கே கூட்டம் வேண்டுமெனின், நீங்காதார்க்குச் சொல்லவேண்டுமோ?

இறைவன் உடனிருக்க அத்தாய்க்கு வேறு துணை எற்றுக்கு என்பாரும் உளர். அவ்வுண்மை, அவள் தன் நெஞ்சிற்குத் தானே கூறித் தேறுதற்கு உரியது. மகன் அவட்குக் கூறித் தன் கடனினின்று நீங்குதற்கு உரியதன்று. அந்தியில் விளக்கேற்றி வைத்து, ஒன்றும் பேசாது வாயிலை நோக்கி அவள் இருப்பதும் தொல்காப்பியனார் கூறிய பழம்பொருளிற் புலம்பே என்க.